கோபத்துக்குப் பட்டன் இல்லை

ஆறாம் நம்பர் அக்கா,

உன்னை இப்படிக் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். உன் சொந்தப் பெயர் மில் ரிஜிஸ்டரில் இருக்கிறது, ஓட்டு லிஸ்டில் இருக்கிறது, இப்போது இறப்புச் சான்றிதழிலும் ஏறிவிட்டது. நான் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன். உன் மகளுக்கு அது பிடிக்காது. ஆனால் நீ எப்படிப்பட்டவள் என்பதை எழுதியே ஆக வேண்டும். நீ செத்துப்போன அன்று காலையில் சந்தோஷமாக வேலைக்கு வந்தாய் என்று கம்பெனி ஒரு பேப்பரில் எழுதி வைத்திருக்கிறது. அது பொய். அந்தப் பொய் அப்படியே நிலைத்துவிடக் கூடாது.

படிக்கிறவர்களுக்கு எங்கள் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் அக்காவைப் பற்றிப் புரியும். எங்கள் மில் ராஜபாளையத்துக்கு வெளியே இருக்கிறது. பேர் வேண்டாம். பஞ்சை நூலாக்குகிற மில். நூல் நூற்கிற மெஷினை ஃப்ரேம் என்போம். ஒரு ஃப்ரேமில் நூற்றுக்கணக்கில் இழைகள் ஓடும். ஏதாவது ஒன்று அறுந்துகொண்டே இருக்கும். நடந்துகொண்டே பார்த்து, அறுந்த இடத்தில் நின்று, விரலால் எடுத்து ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எட்டு மணி நேரமும் நடைதான். உள்ளே இருக்கிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதுகூடக் காதில் விழாது. அதனால் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விரலை நீட்டி ஃப்ரேம் நம்பரைக் காட்டுவோம். வெளியே வந்தாலும் அதுவே பேராகிவிடும். நான் ஏழாம் நம்பர். அவள் ஆறாம் நம்பர்.

அந்த இரைச்சலையும் தாண்டிக் கேட்கிற ஒரே குரல் அக்காவுடையது. ஏனென்றால் அவள் எப்போதும் கோபமாக இருந்தாள். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஐந்து வருஷம் பக்கத்து ஃப்ரேமில் நின்றிருக்கிறேன். காலையில் வேன் ஏறும்போது டிரைவர் மேல் கோபம், மெஷின் மேல் கோபம், கேன்டீன் சாம்பார் மேல் கோபம், எங்கள் மேல் கோபம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு விழுந்தது. தொப்பிக்குள்ளிருந்து ஒரு கொத்து முடி வெளியே வந்து கன்னத்தில் தொங்கியிருக்கிறது. எனக்குத் தெரியாது. அக்கா பின்னாலிருந்து வந்து என் தலையைப் பிடித்து இழுத்து, முடியைத் தொப்பிக்குள் திணித்தாள். விரல் நகம் நெற்றியில் கீறிவிட்டது.

"ஏட்டி, மெஷினு தல சீவி விடும்னு நெனச்சியோ? சீவும். தோலோட சேத்துச் சீவும். எங்கேருந்து வார?"

"வத்திராயிருப்புலேருந்துக்கா."

"அங்க தேங்கா உரிக்கையில முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டா உரிப்பிய?"

நான் அழுதுவிட்டேன். அதற்கும் திட்டினாள். அழுதால் கண் மங்கும், கண் மங்கினால் கை உள்ளே போகும் என்றாள். அன்றைக்கு எனக்கு அவளைக் கண்டாலே ஆகவில்லை. ஒரு மாதம் கழித்து ஒன்று கவனித்தேன். அவள் திட்டிய ஒவ்வொன்றும் யாருடைய கையோ முடியோ துப்பட்டாவோ மெஷினுக்குள் போய்விடாமல் இருக்கச் சொன்னது. சும்மா யாரையும் திட்டியதில்லை. சாம்பாரைத் திட்டியதுகூட அதில் பல்லி கிடந்த பிறகுதான்.

எங்கள் மேஸ்திரி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மேலே சுற்றுகிற ஃபேன் நின்றுவிட்டால் அவரிடம்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொன்னால், "ஆவட்டும், பாப்போம்" என்பார். அக்கா போவாள்.

"தமிழ்ல சொல்லிச் சொல்லி என் வாயி தேஞ்சு போச்சு. ஒம்ம வீட்டுப் பாஷையிலயே சொல்லுதேன். ஏமண்டி, ஃபேன் லேது. வெளங்குச்சா?"

அவர் சிரித்துவிட்டு எலக்ட்ரீசியனை அனுப்புவார். அரை மணி நேரத்தில் ஃபேன் சுற்றும். எங்கள் வரிசையில் காற்று வந்தது அவள் கோபத்தினால்தான். தண்ணீர்க் குழாய் மெஷினுக்குப் பக்கத்தில் வந்ததும், பாத்ரூம் போகிறதுக்கு டோக்கன் வாங்கும் வழக்கம் நின்றதும் அதனால்தான்.

கோபமாக இருக்கிற நாளில் அவள் கையைப் பார்க்க வேண்டும். வாய் திட்டிக்கொண்டே இருக்கும், விரல் தன்பாட்டில் இழையை எடுத்து ஒட்டிக்கொண்டே போகும். ஆறாம் நம்பரில் அறுந்து தொங்குகிற இழை ஒன்றுகூட இருக்காது. அந்த வரிசையிலேயே அதிகம் நூல் இறங்குவது அவள் ஃப்ரேமில்தான். அதை மேஸ்திரியும் ஒப்புக்கொள்வார்.

போன கோடையில் ஒரு பிரச்சினை வந்தது. மில்லுக்குள் காற்று ஈரமாக இருக்க வேண்டும். மேலே குழாய் வழியாகப் புகை மாதிரி ஈரக் காற்றை விடுவார்கள். அது குறைந்தால் பஞ்சு காய்ந்து இழை சட்சட்டென்று அறும். அந்த ஈரம் விடுகிற மெஷின் பழுதாகி, சரி செய்யாமல் பாதி வேகத்தில் ஓட்டினார்கள். நூல் அறுந்து தள்ளியது. ஓடி ஓடி ஒட்டினோம். கணுக்கால் வீங்கியது. நூல் குறைகிறது என்று ஆபீஸில் சத்தம். அப்போதுதான் எச்.ஆர். மேடம் எங்கள் எல்லாரையும் கேன்டீனில் உட்கார வைத்து மீட்டிங் போட்டார்.

அந்த மேடம் கெட்டவர் இல்லை. வெளியூரில் பெரிய படிப்பு படித்துவிட்டு வந்தவர். எங்களை "அக்கா, தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். கையில் பெரிய செல்போன் மாதிரி ஒரு டேப் வைத்திருந்தார். அதில் மூன்று மூஞ்சி. சிரிக்கிற பச்சை மூஞ்சி, சும்மா இருக்கிற மஞ்சள் மூஞ்சி, வாய் கீழே வளைந்த சிவப்பு மூஞ்சி. இனிமேல் காலையில் கேட்டில் கார்டைத் தேய்த்ததும் இதில் ஒன்றை அமுக்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார்.

"நீங்க சந்தோஷமா இருந்தா உங்க கை நல்லா ஓடும். கை நல்லா ஓடினா நூல் அறாது. நூல் அறாட்டி உங்களுக்கும் டென்ஷன் இல்ல. அதனால உங்க மனசு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க கம்பெனி விரும்புது."

அக்கா எழுந்தாள்.

"மேடம், நீங்க தலகீழாச் சொல்லுதீய. மேல ஈரம் வரலை. அதான் நூலு அறுது. நூலு அறுறதாலதான் எங்க மூஞ்சி இப்படிக் கெடக்கு. எங்க மூஞ்சியப் பாத்து அறுறதுக்கு நூலுக்குக் கண்ணா இருக்கு?"

எல்லாரும் சிரித்தோம். மேஸ்திரி, "உக்காரும்மா, உக்காரும்மா" என்று கையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"சரி, அமுக்குறோம். இதுல கோவத்துக்கு எது பட்டன்?"

மேடம் டேப்பைப் பார்த்தார். "கோபம்னா சிவப்புலயே வந்துரும்க்கா."

"அது அழுவுற மூஞ்சில்லா? நான் அழுவலையே. எனக்குக் கோவந்தான வருது."

"அதுக்குன்னு தனியா இல்லக்கா."

"அப்போ ஒண்ணு செஞ்சு தாங்க. பொறவு அமுக்குறேன்."

செய்து தரவில்லை. அக்கா தினமும் சிவப்பை அமுக்கினாள். விரலை வைத்து அழுத்திவிட்டு, அந்த மூஞ்சியை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். "மஞ்சளை அமுக்கேன்க்கா, வம்பில்லாம இருக்கும்" என்று நான் சொன்னேன். "அவன் மூஞ்சியப் பாத்தா மூணு நாளா வயித்தால போனவன் மாதிரி இருக்கான். நான் அப்படியா இருக்கேன்?" என்றாள்.

சிவப்பை அமுக்கினால் என்ன ஆகும் என்பது இரண்டு நாளில் தெரிந்தது. ஷிப்ட் நடுவில் ஏ.சி. ரூமுக்குக் கூப்பிடுவார்கள். கண்ணை மூடி, மூக்கை ஒரு பக்கம் அடைத்து மூச்சு விடச் சொல்வார்கள். பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷமும் அவள் ஃப்ரேமையும் சேர்த்து நான் பார்க்க வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு ஃப்ரேமிலும் இழை தொங்கும். அவளுக்கு முன்னைவிட அதிகமாகக் கோபம் வரும்.

"மூச்ச இழுத்து விடணுமாம்ட்டி. நெஞ்சுக்குள்ள பதினெட்டு வருசப் பஞ்சு கெடக்கு. மொதல்ல அத எடுக்கச் சொல்லு, பொறவு நல்லா இழுத்து விடுறேன்."

அவளுக்கு மூச்சு வாங்கும். படி ஏறினால் விசில் மாதிரிச் சத்தம் வரும். அதை அவள் ஒரு வியாதியாகச் சொல்ல மாட்டாள், அதையும் திட்டுவாள். "சனியன், ஊதுது பாரு" என்பாள்.

நாங்களெல்லாம் சீக்கிரமே பச்சை அமுக்கப் பழகிக்கொண்டோம். எந்த வரிசையில் பச்சை அதிகமோ அந்த வரிசைக்கு மாதக் கடைசியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதைவிட முக்கியம், பச்சை என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள், கேட்க மாட்டார்கள். என் அப்பா கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் முழுக்க நான் பச்சைதான் அமுக்கினேன். ஒரு நாள் அக்கா எனக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டாள்.

"ஒங்கப்பன் கட்டுப் போட்டுக் கெடக்கான். ஒனக்குப் பல்லு தெரியுதோ?"

"எல்லாரும் அதத்தான அமுக்குறாங்க."

"எல்லாரு அப்பனும் கெடக்கானா?"

அன்று மதியம் என்னைப் பிடித்து, நூல் பெட்டிகள் அடுக்கியிருக்கிற மறைவில் தள்ளினாள். செத்த நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு வா என்றாள். அப்படியே சொன்னாள், "அழுதுட்டு வா" என்று, "கக்கூசுக்குப் போயிட்டு வா" என்கிற மாதிரி. ஏழாம் நம்பரையும் அவளே பார்த்துக்கொண்டாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது என் ஃப்ரேமில் ஒரு இழைகூட அறுந்து கிடக்கவில்லை. மூச்சு மட்டும் அவளுக்குப் பெரிதாக வாங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் ஒருத்தி அழுவதற்கு இடம் செய்து கொடுத்தவள் அவள்தான். ஏ.சி. ரூம் இல்லை.

எங்கள் வரிசைக்கு டிபன் பாக்ஸ் கிடைக்கவே இல்லை. ஒருத்தி போடுகிற சிவப்பால் எல்லாருக்கும் நஷ்டம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். டிபன் பாக்ஸுக்காக. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

ஐப்பசி வாக்கில் அக்காவுக்கு ஒரு பேப்பர் கொடுத்தார்கள். இன்னும் மூன்று சிவப்பு விழுந்தால், மனச்சுமை குறைவான வேலைக்கு மாற்றுவோம் என்று எழுதியிருந்தது. அந்த வேலை என்னவென்று மேஸ்திரி வாயால் சொன்னார். கழிவுப் பஞ்சுக் குடோன். அங்கே ஃபேன் கிடையாது. உள்ளே போனால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் பஞ்சுத் தூசி. மூச்சு வாங்குகிறவளை அங்கே அனுப்புவதற்கு மனச்சுமை குறைவான வேலை என்று பேர் வைத்திருந்தார்கள்.

அக்கா மறுநாளும் சிவப்பை அமுக்கினாள். அதற்கு மறுநாளும்.

நான் பயந்துவிட்டேன். மூன்றாம் நாள் வேன் மில் வாசலில் நின்றதும் அவள் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றிக்கொண்டேன். "நீ மெதுவா எறங்கி வாக்கா, லேட் ஆவுது, நான் தேச்சுடுறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். கார்டைத் தேய்த்தேன். பச்சை மூஞ்சியை அமுக்கினேன். அவளுக்குத் தெரியாது. அடுத்த நாளும் அதையே செய்தேன். அவளுக்குப் படி இறங்குவதே சிரமமாக இருந்ததால் கார்டை அவளே கழற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டரை வாரம் கழித்து மேடம் எங்கள் வரிசைக்கு வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பல்லாம் உங்க கிராஃப் சூப்பரா இருக்குக்கா. பாருங்க, மனசு வச்சா முடியும்" என்று காதருகே கத்திவிட்டுப் போனார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து இழை ஒட்டினேன்.

அன்று வேனில் திட்டு விழும் என்று காத்துக்கொண்டிருந்தேன். சாயங்கால வெயில் முதுகில் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிற வரைக்கும் அவள் பேசவில்லை. இறங்குகிற நேரத்தில் கேட்டாள்.

"எம்புட்டு நாளா?"

"பதினாறு நாளுக்கா."

கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "குடோனுக்குப் போனா எனக்கு மூச்சு தாங்காது. மவ பன்னெண்டாவது முடிக்கணும்." கொஞ்சம் நின்றாள். "அமுக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை அவள் கோபமில்லாமல் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுடைய சத்தம் குறைந்தது. ஃபேன் நின்றால் அண்ணாந்து பார்ப்பாள், மேஸ்திரியிடம் போக மாட்டாள். சிரித்துக்கொண்டு வந்ததாகக் கணக்கில் இருக்கும்போது எந்த முகத்தோடு போய்ச் சண்டை போடுவது? அப்போது எனக்கு இது புரியவில்லை. அக்கா பக்குவமாகிவிட்டாள் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். ஆறாம் நம்பரில் இழை அறுந்து தொங்க ஆரம்பித்ததை மட்டும் யாரும் பேசவில்லை.

அந்த மாதம் அவள் போட்டோவை நோட்டீஸ் போர்டில் போட்டார்கள். மாதத்தின் மலர்ந்த முகம் என்று தலைப்பு. போட்டோ எடுத்தவன் சிரிக்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவள் பல்வலிக்காரி மாதிரி வாயை இழுத்துக் காட்டியிருக்கிறாள். அதை அப்படியே ஒட்டியிருந்தார்கள்.

அவள் செத்தது ஒரு புதன்கிழமை. காலை வேனில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறினாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோட்டில் மாடு குறுக்கே வந்து டிரைவர் பிரேக் அடித்தார். எல்லாரும் முன்னால் போய் மோதினோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

டிரைவரே கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "என்னக்கா, இன்னைக்கி ஒண்ணுமே காணும்? வாய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியா?"

அவள் கையை மட்டும் லேசாகத் தூக்கினாள். நெற்றியில் வேர்வை இருந்தது. மார்கழிக் காலையில் வேர்வை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, இன்றைக்கு வம்பில்லை, அமைதியாக இருக்கிறாள் என்று நினைத்தேன். ஐந்து வருஷம் பக்கத்தில் நின்றவள் நான். அவள் கத்தினால் நன்றாக இருக்கிறாள், கத்தாவிட்டால் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? கார்டை வாங்கிக்கொண்டு ஓடினேன். பச்சையை அமுக்கினேன்.

பதினோரு மணி இருக்கும். ஆறாம் நம்பர் ஃப்ரேமின் முனையில், தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது தோளைப் பிடித்திருந்தாள். நான் ஓடிப் போய்க் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"என்னக்கா செய்யுது?"

"வலிக்குதுட்டி."

அவ்வளவுதான் சொன்னாள். நான் மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். அவர் அவளைப் பார்த்துவிட்டு, எங்கள் மூஞ்சிக் கணக்கு வருகிற தன் டேப்பைத் தட்டிப் பார்த்தார். காலையில் சிவப்பு அமுக்கியவளுக்கு உடம்பு முடியவில்லை என்றால் கேள்வியே இல்லாமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. பச்சைக்கு அது இல்லை.

"காலையில பச்சதான இருக்கு? நல்லாத்தான வந்திருக்கு. காஸ் புடிச்சிருக்கும். சோடா வாங்கிக் குடு, செத்த நேரம் உக்காரட்டும்."

"இல்லண்ணே, வேர்க்குது பாருங்க, கை சில்லுன்னு இருக்கு."

"ஏம்மா, ரெண்டு ஃப்ரேமு அறுந்து கெடக்கு. அத மொதல்ல பாரு. ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்லுவேன்?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பச்சையை அமுக்கியது அவள் இல்லை, நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்று பயந்தேன். போய் இழை ஒட்டினேன். நாலு இழை ஒட்டுவேன், ஓடி வந்து அவளைப் பார்ப்பேன், திரும்பப் போவேன். சோடா பாட்டில் அவள் பக்கத்தில் அப்படியே இருந்தது. அவளாக இருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்படி நடந்திருந்தால் மெஷினை நிறுத்தியிருப்பாள். மேஸ்திரி சட்டையைப் பிடித்திருப்பாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆனது. அவள் பக்கவாட்டில் சாய்ந்த பிறகுதான் வண்டி வந்தது. ராஜபாளையம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், போய்ச் சேரும்போதே உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டதாகக் கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் மில் வாசலிலும் அவள் தெருவிலும் கம்பெனி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. அந்தப் பல்வலிப் போட்டோ. கீழே, என்றும் மாறாத சிரித்த முகத்துக்குச் சொந்தக்காரர் என்று எழுதியிருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மனுஷியை ஒரு தடவைதானே சாகடிக்க முடியும்? இவர்கள் ரெண்டாவது தடவையும் செய்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் அவள் வீட்டுக்குப் போனேன். மகள் ஒரு பேப்பரைக் கொண்டுவந்து காட்டினாள். அம்மா சாவைப் பற்றி விசாரிக்க அரசாங்கத்திலிருந்து ஒரு ஆபீஸர் வருகிறார் என்றும், அவருக்குக் கம்பெனி கொடுத்த பதில் இது என்றும் சொன்னாள். கடைசி நாள் வரை தொழிலாளி நல்ல மனநிலையில், எந்தக் குறையும் இல்லாமல் பணிக்கு வந்ததாக அதில் இருந்தது. ஆதாரமாகத் தேதி வாரியாகப் பச்சை மூஞ்சிகள். வரிசையாக, ஒரு பக்கம் முழுக்க.

"எங்கிட்ட அம்மா வலிக்குதுன்னுதான் சொல்லுவா. ராத்திரி படுக்க முடியாம உக்காந்தே கெடப்பா. மில்லுல மட்டும் நல்லாருந்தாளாக்கா? நீங்க பக்கத்துலதான இருந்திய?"

அவள் குற்றம் சாட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தன் அம்மா தன்னிடம் மட்டும் நடித்தாளோ என்று அந்தப் பிள்ளை நினைக்க ஆரம்பித்திருந்தாள். அதற்கு மேல் என்னால் மூடி வைக்க முடியவில்லை.

"அது ஒங்கம்மா அமுக்கலட்டி. நாந்தான் அமுக்குனேன். அன்னைக்கும் நாந்தான்."

பேப்பரை மடித்தாள். "போய் அங்க சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆபீஸில் நடந்தது. மேடம் வந்திருந்தார், மேஸ்திரி வந்திருந்தார். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டது கம்பெனிதான். அவள் நன்றாக வந்தாள் என்று சொல்வதற்காக. ஆபீஸர் கொஞ்சம் வயதானவர், பச்சைப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அந்தம்மா எப்படிம்மா வந்தாங்க?"

"வேர்த்துக்கிட்டு வந்தா சார். பேசவே இல்ல."

"இதுல பச்சைன்னு இருக்கே."

"அது நான் அமுக்குனது சார். ரெண்டு மாசமா எல்லாமே நான் அமுக்குனது."

மேஸ்திரி, "ஏம்மா, என்ன பேசுற" என்று எழுந்தார். ஆபீஸர் அவரை உட்காரச் சொன்னார்.

"எதுக்கும்மா அப்படிச் செஞ்ச?"

"செவப்பு அமுக்குனா குடோனுக்கு அனுப்பிருவாங்க சார். அங்க போனா அவ செத்துருவா." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

மேடம் தலை குனிந்திருந்தார். எழுதித் தருகிறாயா என்று ஆபீஸர் கேட்டார். கிளார்க் நான் எழுதுகிறேன் என்றார். வேண்டாம் என்று நானே எழுதினேன். ஒன்பதாவதோடு நின்றவள், மெதுவாகத்தான் வந்தது. அவளுக்குப் பதினெட்டு வருஷமாக நெஞ்சில் பஞ்சு இருந்தது என்று எழுதினேன். ஃபேன் இல்லாததற்கும் ஈரம் வராததற்கும் அவளுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபம் நியாயமானது, அதைப் பதிவு செய்ய அந்த மெஷினில் இடமில்லை என்று எழுதினேன். மேஸ்திரி சொன்னதை எழுதினேன். நான் சொல்லாமல் விட்டதையும் எழுதினேன்.

மறுநாள் மில் கேட்டில் என் கார்டைத் தேய்த்தேன். திறக்கவில்லை.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். விசாரணை இன்னும் முடியவில்லை. எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. அந்த டேப் இன்னும் கேட்டில் இருக்கிறதாம், பிள்ளைகள் இன்னும் பச்சைதான் அமுக்குகிறார்களாம். மனசு நன்றாக இருந்தால் வேலை நன்றாக நடக்கும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். இருக்கலாம். மனசு நன்றாக இருக்கக் காற்று வேண்டும், உட்கார ஒரு நிமிஷம் வேண்டும், வலிக்கிறது என்று சொன்னால் நம்புகிற ஆள் வேண்டும். அதையெல்லாம் கொடுக்காமல் மூஞ்சியை மட்டும் கேட்கிறார்கள். அக்காவின் மகள் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. அவள் அம்மா அவளிடம் நடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது போதும்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, இன்றைக்கு ஒரு நிமிஷம் ஆறாம் நம்பர் அக்காவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தவள் என்று நினைத்து வேண்டாதீர்கள். அவள் வலியோடு போனாள், பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது தெரிந்து அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.